அல்வார் ஆல்டோ: நாற்காலியும் கட்டடமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்லாந்தின் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோவைப் பற்றிக் கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. மூன்று கால் ஸ்டூலை எங்காவது பார்த்துவிட்டு "இதைச் செய்தது யார்?" என்று தேடி வருபவர்கள் ஒரு வகை. கட்டடக்கலை படிக்கும்போது, அவருடைய மருத்துவமனையும் நூலகமும் இருக்கும் பாய்மியோ, வீபுரி என்ற ஊர்ப் பெயர்களில் தடுக்கி நிற்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்கு அவருடைய கட்டடங்கள் தெரியாது. இரண்டாம் வகையினர் அவருடைய நாற்காலிகளை ஒரு பக்க வேலையாக நினைத்துக்கொள்கிறார்கள். இரு சாராருக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள். அவருடைய கட்டடங்களையும் மரச்சாமான்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே பாதிதான் புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1898 பிப்ரவரி 3 அன்று, பின்லாந்தின் குவோர்த்தானே என்ற ஊரில் பிறந்தார். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்ட பகுதி. அப்பா நில அளவையாளர். சிறுவயதிலேயே குடும்பம் யூவாஸ்கூலா நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஊரோடும் அதைச் சுற்றியுள்ள ஏரிகளோடும் அவருக்கு இருந்த ஒட்டுதல் கடைசி வரை போகவில்லை. ஹெல்சிங்கியில் படித்து 1921இல் கட்டடக் கலைஞர் பட்டம் பெற்றார். 1923இல் யூவாஸ்கூலாவில் சொந்த அலுவலகம். 1927இல் துர்க்கு, 1933இல் ஹெல்சிங்கி. 1976 மே 11 அன்று ஹெல்சிங்கியில் காலமானார். இடையில் மருத்துவமனை, நூலகம், ஊராட்சி மன்றம், தேவாலயம், தொழிற்சாலை, தொழிலாளர் குடியிருப்பு, பல்கலைக்கழகம் என்று எல்லா வகைக் கட்டடங்களும் செய்தார். கூடவே நாற்காலி, மேசை, விளக்கு, கண்ணாடிக் குவளை, கதவுப் பிடி.

ஆரம்பத்திலிருந்தே நவீனத்துவக்காரர்தானா?

இல்லை. அவர் தொழிலுக்கு வந்த நாட்களில் வட ஐரோப்பாவில் எளிமைப்படுத்தப்பட்ட செவ்வியல் பாணிதான் நடைமுறை. 1924இல் கட்டடக் கலைஞர் ஐனோ மார்சியோவை மணந்துகொண்டு தேனிலவுக்கு இத்தாலி போனார். அங்கே பார்த்த சிறு நகரங்களும் முற்றங்களும் அவர் மனதில் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. யூவாஸ்கூலாவில் 1925இல் முடிந்த தொழிலாளர் மன்றக் கட்டடத்தைப் பார்த்தால், தூண்வரிசையும் அலங்காரமுமாக, இத்தாலி அதில் பளிச்சென்று தெரியும்.

மாற்றம் 1927க்கும் 1930க்கும் இடையே வேகமாக நடந்தது. துர்க்கு நகரத்துக்கு வந்த பிறகு ஸ்வீடனோடும் மற்ற ஐரோப்பிய நாடுகளோடும் தொடர்பு நெருங்கியது. 1929இல் பிராங்க்பர்ட்டில் நடந்த நவீனக் கட்டடக் கலைஞர்களின் பன்னாட்டு மாநாட்டுக்குப் போனார். அதே காலத்தில் துர்க்கு நகரின் செய்தித்தாள் ஒன்றுக்கு அவர் கட்டிய அலுவலகத்தில், கீழ்த்தள அச்சகத்தின் கான்கிரீட் தூண்கள் மேலே போகப்போக விரிந்து உட்கூரையோடு கலந்துவிடும். செவ்வியல் தூண்கள் வரைந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன என்பதை நினைத்தால் இந்தத் தாவல் பெரியது.

பாய்மியோ மருத்துவமனையை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

அவருடைய முழு வாழ்க்கைப் பணியின் திறவுகோல் அங்கே இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

அந்தக் காலத்தில் பின்லாந்தில் காசநோய் பெரும் உயிர்க்கொல்லி. மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான உணவு – இவ்வளவுதான் சிகிச்சை. அதற்காக ஊருக்கு வெளியே காடுகளில் சானடோரியங்கள் கட்டினார்கள். துர்க்குவுக்குக் கிழக்கே பாய்மியோவில் கட்டவிருந்த ஒன்றுக்கான போட்டியில் 1929இல் ஆல்டோ வென்றார். 1933இல் அது திறக்கப்பட்டது. பைன் காட்டுக்கு நடுவில் நீளமான, மெல்லிய, வெள்ளைக் கட்டடம். நோயாளிகள் படுக்கையோடு வெளியே வந்து காற்று வாங்க, ஒரு முனையில் திறந்த மாடங்கள். கூரை மேல் நீண்ட வெயில் தளம்.

வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்தால் அந்தக் காலத்து நவீனக் கட்டடங்கள் பலவற்றில் இதுவும் ஒன்று. உள்ளே போனால்தான் வித்தியாசம். பொதுவாக ஒரு அறையை வரைபவர் நிற்கும் மனிதனை மனதில் வைத்தே வரைகிறார். இங்கே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் படுத்திருக்கும் மனிதனுக்காக அறை வரைய வேண்டியிருந்தது. படுத்திருப்பவர் எந்நேரமும் பார்ப்பது உட்கூரையை. அதனால் உட்கூரைக்கு வெள்ளை வேண்டாம் என்று, கண்ணுக்கு இதமான அடர்ந்த பச்சை பூசினார். சுவர்கள் அதைவிட வெளிர் நிறம். விளக்கு, படுத்திருப்பவரின் பார்வையில் நேராகப் படாத இடத்தில். உட்கூரையில் பதித்த வெப்பத் தகடு தலையைச் சுடாமல் கால் பக்கம் வெப்பம் தரும்படி அமைந்தது. இரட்டை ஜன்னல்களின் இடைவெளி வழியே வரும் காற்று, குளிர் தணிந்து, நேரே முகத்தில் அடிக்காமல் உள்ளே நுழைந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அங்குள்ள வாஷ்பேசின். அறைக்கு இரண்டு நோயாளிகள். ஆளுக்கு ஒரு பேசின். ஒருவர் இரவில் கை கழுவினால் தண்ணீர் விழும் சத்தத்தில் மற்றவர் விழித்துவிடக் கூடாது. அதற்காகப் பேசினின் பின்பக்கத்தைச் சரிவாக்கி, தண்ணீர் பீங்கானில் சாய்ந்த கோணத்தில் பட்டுச் சத்தமில்லாமல் வழிந்தோடும்படி செய்தார். கதவுப் பிடிகள்கூட மருத்துவர்களின் அங்கிக் கை மாட்டிக்கொள்ளாத வடிவில் வளைக்கப்பட்டன. இந்தப் பணி கைக்கு வந்த சமயத்தில் தானே நோயுற்றுப் படுத்திருந்ததாகவும், படுத்திருப்பவரின் கோணம் அப்போதுதான் பிடிபட்டது என்றும் ஆல்டோ பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

காசநோய்க்கு மருந்துகள் வந்த பிறகு சானடோரியங்களுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. பாய்மியோவும் வேறு பயன்பாடுகளுக்கு மாறியது. ஆனால் பலவீனமான ஓர் ஆளின் உடம்பிலிருந்து வடிவத்தைத் தொடங்குவது என்ற பழக்கம் ஆல்டோவை விட்டுப் போகவே இல்லை.

பாய்மியோ நாற்காலி என்று ஒன்று சொல்கிறார்களே?

அந்த மருத்துவமனைக்காக 1931–32இல் உருவான நாற்காலி. உட்காரும் பகுதியும் சாயும் பகுதியும் ஒரே ஒரு பிளைவுட் தகடு. மேல் முனையிலும் கீழ் முனையிலும் அது சுருண்டு மடங்கும். அந்தச் சுருளில்தான் ஸ்பிரிங் போன்ற நெகிழ்ச்சி இருக்கிறது. தலை படும் இடத்தில் சில வெட்டுத் துளைகள். இரு பக்கமும் கால், கை, அடிப்பாகம் மூன்றும் ஒரே தொடர்ச்சியாக ஓடும் மூடிய வளையம். மெல்லிய பிர்ச் மரப் பட்டிகளை அடுக்கி ஒட்டி வளைத்தது. மெத்தை கிடையாது, துணி கிடையாது. துடைத்துச் சுத்தம் செய்வது சுலபம். காசநோய் மருத்துவமனைக்கு அது முக்கியம். சாய்வுக் கோணம் மூச்சு விடுவதற்கு வசதியானது என்றும் சொல்வார்கள்.

அப்போது எல்லோரும் எஃகுக் குழாய் நாற்காலி செய்துகொண்டிருந்தார்களே, இவர் ஏன் மரத்துக்குப் போனார்?

இவரும் எஃகில்தான் தொடங்கினார். வடிவமைப்பாளர் மார்செல் பிராயரின் வளைத்த எஃகுக் குழாய் நாற்காலிகளை வாங்கித் தன் வீட்டில் போட்டிருந்தார். முதல் முயற்சிகளில் ஒன்று எஃகுக் கால் மேல் வளைத்த பிளைவுட் இருக்கை வைத்த கலப்பினம்.

அப்புறம் எஃகின் மேல் அவருக்குக் குறைகள் தோன்றின. எஃகு உடம்புச் சூட்டை உடனே இழுத்துக்கொள்கிறது. குளிர் நாட்டில் தொட்டால் ஜில்லென்று இருக்கும். வெளிச்சம் பட்டால் கண்ணைக் கூசும். சத்தத்தை உள்வாங்காமல் எதிரொலிக்கும். எஃகு நாற்காலி தயாரிப்பு நோக்கில் பகுத்தறிவுக்கு உகந்ததுதான், ஆனால் மனித உடம்பையும் மனதையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது அவர் வாதம். 1940இல் அமெரிக்க இதழ் ஒன்றில் கட்டடக்கலையை மனிதத் தன்மையுள்ளதாக்குவது பற்றி எழுதிய கட்டுரையிலும் இதை விரித்துச் சொன்னார்.

நாட்டு நிலைமையும் ஒரு காரணம். பின்லாந்தில் பிர்ச் மரம் ஏராளம். துர்க்கு பகுதியில் ஓட்டோ கோர்ஹோனென் என்பவர் மரச்சாமான் தொழிற்சாலை நடத்தி வந்தார். கோர்ஹோனென் மட்டும் இல்லாவிட்டால் ஆல்டோவின் நாற்காலிகள் காகிதத்திலேயே நின்றிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். இந்த மரம் எவ்வளவு தூரம் வளையும், எங்கே பிளக்கும், எந்தப் பக்கம் ரேகை ஓட வேண்டும் என்பதெல்லாம் வரைபலகையில் தெரியாது. சில ஆண்டுகள் இருவரும் பட்டறையில் வளைத்து, உடைத்து, மறுபடி ஒட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தவை அவை.

அந்த மூன்று கால் ஸ்டூலில் அப்படி என்ன விசேஷம்?

வளைந்த கால்தான் விசேஷம். 1933இல் வந்த இந்த ஸ்டூலுக்கு எண் 60. உயரம் 44 சென்டிமீட்டர். வட்டப் பலகை ஒன்று, கால்கள் மூன்று, இவற்றை இணைக்கும் திருகுகள். வேறு எதுவும் இல்லை.

ஒரு மரக்காலை இருக்கைப் பலகையோடு பொருத்துவது பழைய தச்சுப் பிரச்சினை. பலகையில் துளையிட்டுக் காலைச் செருக வேண்டும், அல்லது சுற்றிலும் சட்டம் அடித்து அதில் காலை மாட்ட வேண்டும். இரண்டிலும் இணைப்பு காலப்போக்கில் ஆடும். காலே மேலே செங்கோணமாக மடங்கிப் பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டால்? சட்டம் வேண்டாம், துளை வேண்டாம். திருகி முடுக்கினால் போதும்.

ஆனால் அவ்வளவு கனமான திட மரத்தைச் செங்கோணமாக மடக்க முடியாது. வெளிப்பக்க இழைகள் முறிந்துவிடும். ஆல்டோவும் கோர்ஹோனெனும் கண்ட வழி இது. நேரான பிர்ச் கட்டையின் ஒரு முனையில் மட்டும், ரேகை ஓடும் திசையிலேயே ரம்பத்தால் மெல்லிய பிளவுகள் பல போட வேண்டும். இப்போது அந்த முனை மட்டும் புத்தகப் பக்கங்களைப் போலத் தகடு தகடாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு பிளவிலும் பசை தடவிய வெனீர் (மிக மெல்லிய மரத் தகடு) துண்டைச் செருக வேண்டும். சூடேற்றி அச்சில் வைத்து வளைத்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு வளையும். பசை காய்ந்ததும் அவை நகராது. வளைவு அப்படியே இறுகிவிடும். பிறகு பிதுங்கி நிற்கும் முனைகளை வெட்டி இழைத்தால் கால் தயார். கீழ்ப்பகுதி திட மரம், மேல்பகுதி அடுக்கு மரம், ஆனால் முழுவதும் ஒரே துண்டு. 1930களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள்.

இந்த ஒரு கால் கிடைத்ததும் ஸ்டூல், நாற்காலி, மேசை, பெஞ்சு எல்லாம் அதிலிருந்தே பிறந்தன. காலின் நீளத்தையும் பருமனையும் மாற்றினால் போதும். ஒரு கட்டடத்துக்குத் தூண் எப்படியோ, மரச்சாமானுக்குக் கால் அப்படி என்று ஆல்டோ கருதினார். பின்னாளில் இரண்டு வளைந்த கால்களை ஒட்டி ஒய் வடிவக் கால் (1940களின் பிற்பாதி), பல பிளவுகளை விசிறி போல விரித்த கால் (1954) என்று மேலும் இரண்டு வந்தன. விசிறிக் கால் பார்க்க மிக அழகு. செய்வதற்கு அதே அளவு கடினம்.

ஸ்டூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கால்கள் சுழன்றுகொண்டே மேலேறும், இடமும் மிச்சம்.

ஆர்டெக் எதற்காகத் தொடங்கினார்கள்?

1933இல் லண்டனில் ஒரு பெரிய கடையில் ஆல்டோவின் மரச்சாமான்களைக் காட்சிக்கு வைத்தார்கள். பிரிட்டனில் வரவேற்பு நன்றாக இருந்தது. ஏற்றுமதி ஆர்டர்கள் வரத் தொடங்கின. ஆனால் ஆர்டர்களைக் கவனிப்பது, கடிதம் எழுதுவது, சரியான நேரத்தில் அனுப்புவது எதிலும் ஆல்டோவுக்கு ஒழுங்கு கிடையாது. அதற்கென ஒரு நிறுவனம் தேவைப்பட்டது.

1935இல் ஹெல்சிங்கியில் நான்கு பேர் சேர்ந்து ஆர்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்: அல்வார், ஐனோ, கலை ஆர்வலரும் செல்வந்தருமான மைரே குல்லிக்சென், கலை விமர்சகர் நில்ஸ்-குஸ்தாவ் ஹால். கலையையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்து வைத்த பெயர். மரச்சாமான் விற்பதோடு நவீன ஓவியக் கண்காட்சிகள் நடத்துவதும் அவர்கள் நோக்கம். நிறுவனம் இன்றும் நடக்கிறது. 2013இல் அதை விட்ரா என்ற நிறுவனம் வாங்கியது. ஸ்டூல் 60 பின்லாந்தில் இப்போதும் தயாராகிறது.

ஐனோ ஆல்டோவின் பங்கு எவ்வளவு?

பழைய புத்தகங்கள் கொடுத்ததைவிட மிக அதிகம். ஐனோ 1894இல் பிறந்தவர். அல்வாருக்கு ஓராண்டு முன்பே, 1920இல் கட்டடக் கலைஞர் பட்டம் பெற்றுவிட்டார். அலுவலகத்தில் பல வேலைகள் இருவர் பெயரிலும் போயின. உள் அலங்காரம், மரச்சாமான் தேர்வு, துணி, சமையலறை அமைப்பு ஆகியவற்றில் ஐனோவின் கை அழுத்தமாக இருந்தது. ஆர்டெக்கின் வடிவமைப்புப் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. 1941இல் ஹால் போரில் இறந்த பிறகு நிர்வாகமும் அவரிடம் வந்தது.

கண்ணாடியிலும் அவருக்குத் தனிப் பெயர் உண்டு. 1932இல் ஒரு போட்டிக்காக அவர் வடிவமைத்த, வளைய வளையமாக வரி ஓடும் எளிய கண்ணாடித் தம்ளர் இன்றைக்கும் சந்தையில் இருக்கிறது. 1936இல் மிலான் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. மலிவான அச்சுக் கண்ணாடியிலேயே அழகு செய்ய முடியும் என்று காட்டிய பொருள் அது.

1949 ஜனவரியில் புற்றுநோயால் காலமானார். அல்வாரின் வாழ்க்கையை நான் இரண்டாகப் பிரித்தால் கோடு அங்கேதான் விழும்.

வீபுரி நூலகம் எதற்காகப் புகழ் பெற்றது?

வெளிச்சத்துக்கும் ஒலிக்கும். 1927 போட்டியில் ஆல்டோ வென்றபோது அது செவ்வியல் பாணிக் கட்டடம். இடம் மாறி, திட்டம் தள்ளிப்போய், 1935இல் திறந்தபோது முற்றிலும் வேறு கட்டடம். தாமதம் கட்டடத்துக்கு நல்லதாகப் போனது என்று சொல்லக்கூடிய அபூர்வமான நிகழ்வுகளில் ஒன்று.

வாசிப்புக் கூடத்தின் கூரையில் 57 வட்டத் திறப்புகள், ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் விட்டமுள்ள ஆழமான கூம்பு. அந்த ஊரில் கோடையிலும் சூரியன் சுமார் 52 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. கூம்பின் ஆழத்தை அதற்கேற்பக் கணக்கிட்டதால் நேர் வெயில் ஒருபோதும் உள்ளே விழாது. கூம்பின் உட்சுவரில் பட்டுச் சிதறிய வெளிச்சம்தான் கீழே வரும். பல திசைகளிலிருந்து வருவதால் புத்தகத்தின் மேல் படிப்பவரின் நிழலும் விழுவதில்லை. பாய்மியோவில் படுத்திருப்பவர், இங்கே குனிந்து படிப்பவர்.

சொற்பொழிவு அறையோ நீளமானது. அதன் உட்கூரை மரப்பட்டிகளால் அலை அலையாக நெளியும். மேடையில் பேசுவது மட்டுமல்லாமல், அவையில் எங்கிருந்து யார் கேள்வி கேட்டாலும் மற்றவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பது நோக்கம்.

போருக்குப் பின் வீபுரி சோவியத் யூனியன் வசம் போய் விபோர்க் ஆயிற்று. கட்டடம் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. இடிந்தே போய்விட்டது என்று வெளியுலகில் பலர் நம்பினார்கள். ரஷ்யர்களும் பின்லாந்துக்காரர்களும் சேர்ந்து நீண்ட காலம் உழைத்து 2013இல் சீரமைப்பை முடித்தார்கள். இப்போது நூலகமாகவே இயங்குகிறது.

நெளிந்த கண்ணாடிக் குவளையும் இவருடையதா?

ஆமாம். 1936இல் ஒரு கண்ணாடி ஆலையின் போட்டிக்காக வரைந்தது. 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு அவரும் ஐனோவும் உள் அலங்காரம் செய்த ஹெல்சிங்கி உணவகம் சவோய். குவளைக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

அமெரிக்காவில் என்ன செய்தார்?

1938இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குக் கண்காட்சி நடத்தியது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பின்லாந்து அரங்கு அவருடையது. கொடுக்கப்பட்டது வெறும் பெட்டி போன்ற கூடம். அதற்குள் சுமார் 16 மீட்டர் உயரத்துக்கு ஒரு மரச்சுவரை நெளிவாக எழுப்பி, பார்வையாளர்கள் பக்கம் சாய்த்தார். நாட்டின் காடுகளையும் மக்களையும் உழைப்பையும் காட்டும் புகைப்படங்கள் அதில்.

பிறகு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வருகைப் பேராசிரியர். அங்கே அவர் கட்டிய பேக்கர் மாணவர் விடுதி 1949இல் முடிந்தது. ஆற்றங்கரைச் சாலைக்கு நேராகக் கட்டினால் எல்லா அறைகளும் போக்குவரத்தைப் பார்க்கும். பாம்பு போல நெளித்தார். பெரும்பாலான அறைகளுக்கு ஆறு சாய்வாகத் தெரிந்தது. செங்கல்லிலும் ஒரு முடிவு எடுத்தார்: சூளையில் கோணலாகவோ கருகலாகவோ வந்தவற்றைப் பொறுக்கி எறியாமல் அவற்றையும் சுவரில் வைத்துக் கட்டச் சொன்னார். அந்தச் சுவரை அருகில் போய்ப் பார்த்தால் ஆங்காங்கே ஒரு கல் முறுக்கிக்கொண்டு வெளியே நீட்டும்.

சாய்னாட்சலோ என்ற சின்ன ஊரின் மன்றக் கட்டடத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

மரத்தொழிற்சாலை ஒன்றை நம்பியிருந்த ஏரித்தீவு ஊர் அது. 1949இல் போட்டி, 1952இல் கட்டடம் முடிந்தது. ஊராட்சி அலுவலகம், நூலகம், சில குடியிருப்புகள், கீழே கடைகள், எல்லாம் ஒரு முற்றத்தைச் சுற்றி. அடித்தளம் தோண்டிய மண்ணைக் கொண்டே முற்றத்தை ஒரு மாடி உயரத்துக்கு மேடாக்கினார். அதற்கு ஏற ஒரு பக்கம் கல் படிகள். இன்னொரு பக்கம் மண்ணும் மரச்சட்டமுமாக, புல் முளைத்த படிகள்.

மன்ற அறைதான் உச்சம். செங்கல் சுவரை ஒட்டி வளைந்து ஏறும் பாதை, அப்புறம் இருட்டான, உயரமான அறை. சுமார் 17 மீட்டர். மேலே இரண்டு மரத் தாங்கிகள், ஒவ்வொன்றும் ஒரு புள்ளியிலிருந்து விசிறி போல விரிந்து கூரையைத் தாங்குகிறது. ஸ்டூலின் விசிறிக் கால் வந்தது இதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே கையெழுத்து. இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்டவர்களிடம், இத்தாலியின் சியெனா நகர மன்றத்தின் உயரத்தைச் சொல்லி, இது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று ஆல்டோ பதில் சொன்னதாக ஒரு கதை நெடுநாளாக வழங்குகிறது. சின்ன ஊரின் மன்றமும் அதே கௌரவத்துக்கு உரியது என்பதை அவர் மனப்பூர்வமாக நம்பினார் என்பது அந்த அறையில் தெரிகிறது.

இந்த வேலையைத் தளத்தில் மேற்பார்வையிட்டவர் எல்சா மேக்கினியெமி என்ற இளம் கட்டடக் கலைஞர். 1952இல் இருவரும் மணந்தார்கள். எலிசா ஆல்டோ என்று அறியப்பட்டார். அருகிலேயே மூராட்சலோ தீவில் தங்களுக்கு ஒரு கோடை வீடு கட்டிக்கொண்டார்கள். அதன் முற்றச் சுவர்களும் தரையும் சுமார் 50 கட்டங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் வேறு செங்கல், வேறு ஓடு, வேறு அடுக்கு முறை. எது குளிரைத் தாங்குகிறது, எது அழகாக மூப்படைகிறது என்று பார்ப்பதற்காகச் சொந்த வீட்டையே சோதனைச் சாலையாக்கினார். ஹெல்சிங்கியில் 1958இல் முடிந்த பண்பாட்டு மன்றத்துக்கோ, சுவர் எந்தப் பக்கம் வளைந்தாலும் பொருந்தும்படி ஆப்பு வடிவச் செங்கல்லையே புதிதாகச் செய்யவைத்தார்.

அவரிடம் குறைகளே இல்லையா?

இருக்கின்றன, மழுப்பாமல் பேச வேண்டியவை. ஹெல்சிங்கியின் பின்லாந்தியா மண்டபம்தான் பெரிய உதாரணம். 1971இல் திறந்தது, மாநாட்டுப் பகுதி 1975இல் முடிந்தது, ஐரோப்பியப் பாதுகாப்பு மாநாட்டின் இறுதி உடன்படிக்கை அங்கேதான் கையெழுத்தானது. வெளிச்சுவர் முழுக்க இத்தாலியின் கராரா வெள்ளைப் பளிங்கு. மத்தியதரைக் கடலின் வெண்மையை வடக்கே கொண்டுவர வேண்டும் என்று ஆல்டோவுக்கு ஆசை. ஆனால் மெல்லிய பலகைகளாக அறுத்து மாட்டிய பளிங்கு, பின்லாந்தின் குளிரிலும் வெப்ப மாற்றத்திலும் வளையத் தொடங்கியது. பளிங்கின் படிகங்கள் சூட்டில் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் விரிவதில்லை; திரும்பத் திரும்பச் சூடாகிக் குளிரும்போது ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்ந்து, பலகை வில் போல வளைந்து வலுவிழக்கிறது. 1990களின் இறுதியில் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி கராரா பளிங்கே போட்டார்கள். அதுவும் வளைந்தது. கடைசியாக நடந்த பெரிய சீரமைப்பில் வடக்கு இத்தாலியின் லாசா பளிங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். 2025இல் மண்டபம் மீண்டும் திறந்தது. இசைக் கூடத்தின் ஒலியமைப்பு பற்றியும் இசைக் கலைஞர்கள் ஆரம்பம் முதலே குறைப்பட்டார்கள். வீபுரியில் ஒலிக்காக அவ்வளவு யோசித்தவர் என்பதால் இது கூடுதலாக உறுத்துகிறது.

பொருளை முதலில் கையில் எடுத்துச் சோதிக்கும் ஆல்டோவை நாம் மூராட்சலோவில் பார்த்தோம். பின்லாந்தியாவில் ஒரு கனவுப் படிமம் பொருளை முந்திக்கொண்டது என்பது என் கணிப்பு.

1960களில் இளைய தலைமுறைக் கட்டடக் கலைஞர்கள் அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள். பொது விதியாக மாற்ற முடியாத தனிமனிதக் கலை என்றும், தொழில்முறை உற்பத்திக்கு வழிகாட்டவில்லை என்றும் சொன்னார்கள். பாதி நியாயம் உண்டு. ஆனால் ஒரே காலிலிருந்து ஒரு மரச்சாமான் குடும்பத்தையே உருவாக்கியவருக்குத் தரப்படுத்தல் தெரியாது என்று சொல்ல முடியாது.

அவர் இறந்த பிறகு முடிக்காத வேலைகள் என்ன ஆயின?

எலிசா அலுவலகத்தைத் தொடர்ந்து நடத்தினார். இத்தாலியின் ரியோலா தேவாலயம் 1978இல் முடிந்தது. ஜெர்மனியின் எஸ்ஸென் நகர ஓப்பரா அரங்குக்கு 1959இலேயே போட்டியில் வென்றிருந்தார். அது திறந்தது 1988இல். எலிசா 1994இல் காலமானார். அல்வாரின் உருவம் 1986இல் வெளிவந்த 50 மார்க்கா (பின்லாந்தின் பழைய நாணயம்) நோட்டில் இடம்பெற்றது. யூரோ வந்ததும் அந்த நோட்டு போய்விட்டது.

நேரில் பார்க்க வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

ஹெல்சிங்கியின் முன்க்கினியெமி பகுதியில் அவரும் ஐனோவும் 1936இல் கட்டிய சொந்த வீடு. கொஞ்ச தூரத்தில் 1955இல் கட்டிய ஸ்டுடியோ. இரண்டுக்கும் வழிகாட்டியோடு போகலாம். வீடு பெரியதல்ல, அதுதான் நல்லது. நாற்காலிகள் காட்சிப் பொருளாக நிற்காமல், ஜன்னலோரத்திலும் சாப்பாட்டு மேசையருகிலும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். பிறகு யூவாஸ்கூலா, அங்கே அவரே கட்டிய ஆல்டோ அருங்காட்சியகமும், அங்கிருந்து சாய்னாட்சலோவும் மூராட்சலோவும் எட்டும் தூரத்தில். மூராட்சலோ வீட்டைக் கோடையில்தான் திறப்பார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாது. ஒரு ஸ்டூல் கண்ணில் பட்டால் எதைப் பார்ப்பது?

தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். கால் மடங்கும் இடத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். வளைவோடு ஓடும் மெல்லிய கோடுகள் இருக்கும். அவைதான் செருகிய வெனீர்கள். வளைவு முடிந்து கால் நேராக இறங்கும் இடத்தில் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். அதற்குக் கீழே ஒரே திட மரம். போலிகளில் பல, காலை முழுக்க அடுக்கு மரத்தில் அழுத்திச் செய்தவை. அவற்றில் கோடு பாதம் வரை ஓடும். பழைய ஸ்டூல் என்றால் பிர்ச் மரம் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். கால்களை அசைத்துப் பாருங்கள். ஆடினால் பெரும்பாலும் திருகு தளர்ந்திருக்கும், இறுக்கினால் சரியாகிவிடும்.